பனிக்குடச் சவ்வு வைத்தால் அப்பாவின் கால்புண் ஆறுமா?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. அப்பாவுக்கு வயது 63, சர்க்கரை நோய் 18 ஆண்டுகளாக இருக்கிறது. வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஐந்து மாதமாக ஒரு புண் ஆறவில்லை. கருவில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் பனிக்குடத்தின் மெல்லிய உறையை, அதாவது பனிக்குடச் சவ்வை, வைத்துப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். பிரசவத்தில் வெளியேறும் பொருள் என்றதும் வீட்டில் தயங்குகிறார்கள். எச்ஐவி, மஞ்சள் காமாலை போன்றவை தொற்றிவிடுமோ என்று உங்களுக்குப் பயம். இறந்தவர்கள் தானம் செய்த தோலை வைத்தால் இன்னும் நல்லதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஐந்து மாதம் ஆறாத புண்ணை ஒரு சவ்வு ஆற்றிவிடுமா? பதிவு பெற்ற திசு வங்கியில் பதப்படுத்தப்பட்ட சவ்வு என்றால் தொற்றுப் பயம் மிகக் குறைவு, பலனும் உண்டு. ஆனால் புண் ஆறாததற்கான காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் மேலே எதை வைத்தாலும் பணம் போகும், புண் இருக்கும். அதனால் காரணங்களிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது ரத்த ஓட்டம். பாதத்தில் நாடி தட்டுப்படுகிறது என்பது மட்டும் போதாது. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து ஒரு எண் சொல்வார்கள், 0.9-க்குக் கீழே போனால் கால் ரத்தக்குழாயில் அடைப்பு என்று பொருள். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளிடம் இந்த எண் ஏமாற்றும். குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டிருந்தால் பட்டையால் அதை அமுக்க முடியாது, எண் பொய்யாக 1.3-க்கு மேல் காட்டும். 'ரொம்ப நல்லா இருக்கு' என்று திருப்பி அனுப்பப்படுபவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அத்தகைய காலில் பெருவிரல் அழுத்தத்தை அளக்க வேண்டும். அது 30 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருந்தால் சவ்வைப் பற்றிய பேச்சையே தள்ளிவைத்துவிட்டு ரத்தக்குழாய் நிபுணரை உடனே பார்க்க வேண்டும். ரத்தம் வராத இடத்தில் புதுச் சதை வளராது.

இரண்டாவது எலும்பு. மழுங்கிய உலோகக் குச்சியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டுப் பார்க்கும்போது கெட்டியாக, கரகரவென்று எலும்பு தட்டுப்பட்டால், உள்ளே எலும்புச் சீழ் இருக்கும் வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயில் அது தெரிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முதலில் எடுத்த படம் சுத்தமாக இருந்தது என்பதை மட்டும் வைத்து ஐந்து மாதத்தை ஓட்டக் கூடாது. இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள், சந்தேகம் நீடித்தால் எம்ஆர்ஐ. கிருமிப் பரிசோதனைக்குப் புண்ணின் மேலே பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்புவதில் பயன் குறைவு, மேலே குடியிருக்கும் கிருமிகள்தான் அதில் வளரும். புண்ணைச் சுத்தம் செய்தபின் அடியிலிருந்து சுரண்டி எடுத்த சதைத் துணுக்கை அனுப்புவதே சரி. சிவப்பு, சூடு, வீக்கம், சீழ் எதுவும் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் சீக்கிரம் ஆறும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

மூன்றாவதுதான் பெரும்பாலான வீடுகளில் தோற்கும் இடம்: அழுத்தம். உங்கள் அப்பாவின் புண் இருக்கும் இடமே அதைச் சொல்கிறது. ஒவ்வொரு அடியிலும் உடல் பாரம் முன்னோக்கித் தள்ளப்படுவது பெருவிரலின் அடியிலிருந்துதான். உணர்ச்சி இருக்கும் காலில் புண் வலிக்கும், நொண்டி நடப்போம், புண் ஆறும். மரத்துப்போன காலில் வலி இல்லை. அவர் புண்ணின் மேலேயே மிதித்து நடப்பார். இந்த உண்மையை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய வேலை பெருமளவு நம் ஊரில்தான் நடந்தது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால்புண்களைப் பார்த்து, சதை தானாக அழுகுவதில்லை, உணர்ச்சியற்ற பாதத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே அதை அழிக்கிறது என்று நிறுவினார். மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிய முறை 1960-களில் அவரோடு அமெரிக்காவுக்குப் போய், இன்று சர்க்கரைப் புண்ணுக்கான முதல் தரச் சிகிச்சையாக நிற்கிறது. எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பும் அந்த வழி வந்ததுதான். ஆனால் அது புண் வராமல் காப்பதற்கான செருப்பு. வந்த புண்ணை ஆற்ற அது போதாது.

அழுத்தத்தைக் குறைக்கத் தரும் கழற்றக்கூடிய காலணிகளின் குறை என்னவென்றால், கழற்றிவிடுவார்கள் என்பதே. 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கால்புண் உள்ளவர்கள் ஒரு நாளில் வைத்த அடிகளில் 28 விழுக்காட்டை மட்டுமே அந்தக் காலணியோடு வைத்திருந்தார்கள். மற்றதெல்லாம் வீட்டுக்குள், பாத்ரூமுக்கு, இரவில் தண்ணீர் குடிக்க. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரும் நம் வீடுகளில் இதைவிட மோசமாகத்தான் இருக்கும். அதனால் முழங்காலுக்குக் கீழே வரை, கழற்ற முடியாத மாவுக்கட்டோ, கழற்றக்கூடிய பூட்ஸின் மேல் பட்டையைச் சுற்றிக் கழற்ற முடியாமல் ஆக்கியதோ வேண்டும். வாரம் ஒருமுறை பிரித்துப் பார்த்து மாற்றுவார்கள். ரத்த ஓட்டம் மிகக் குறைந்த கால், சீழ் உள்ள கால், தடுமாறி விழக்கூடியவர் ஆகியோருக்கு இதைப் போடக் கூடாது. இதோடு சேர்ந்தது, புண் விளிம்பில் வெள்ளையாகக் கெட்டித்திருக்கும் காய்ப்பு. அது செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல்லைப் போல அழுத்தும். ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் அதைச் சீவி எடுத்தாக வேண்டும். வெறும் கட்டு மட்டும் மாற்றி, காய்ப்பை அப்படியே விட்டு அனுப்பினால் அந்த வாரம் வீண்.

இவையெல்லாம் நடந்ததா என்பதை அறிய ஒரு அளவுகோல் உண்டு. புண்ணின் நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் பெருக்கி எழுதி வையுங்கள். ஒவ்வொரு வாரமும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுங்கள். 3-க்கு 2 என்றால் 6. சரியான கவனிப்பில் நான்கு வாரத்தில் அது 3-க்கோ கீழேயோ வந்திருக்க வேண்டும். 203 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரத்தில் ஏறக்குறையப் பாதி சுருங்கிய புண்களில் 58 விழுக்காடு 12 வாரத்தில் ஆறின. அப்படிச் சுருங்காதவற்றில் 9 விழுக்காடுதான் ஆறின. சவ்வு எப்போது என்ற கேள்விக்கு இதுவே விடை: ரத்தம், எலும்பு, அழுத்தம் மூன்றும் சரியாக இருந்து, நான்கு வாரமாகியும் பாதி சுருங்காத புண்ணுக்கு. ஐந்து மாதம் ஆகிவிட்டது என்பது மட்டும் தகுதி ஆகாது. அந்த ஐந்து மாதமும் அவர் அதன்மேல் நடந்துகொண்டிருந்தால், உண்மையான சிகிச்சை இன்னும் தொடங்கவே இல்லை.

இனி சவ்வுக்கு வருகிறேன். பனிக்குடத்தின் உட்புற உறைதான் இது. தடிமன் மில்லிமீட்டரில் 0.02 முதல் 0.05 வரை. ஒரு பக்கம் ஓரடுக்குச் செல்கள், நடுவில் உறுதியான அடித்தளப் படலம், மறுபக்கம் கொலாஜன் நிறைந்த இணைப்புத் திசு. ரத்தக்குழாயோ நரம்போ இதில் இல்லை. திசுவைத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளும் வீக்கத்தை அடக்கும் புரதங்களும் உண்டு. 1910-இலேயே அமெரிக்காவில் தோலுக்குப் பதிலாக வைத்துப் பார்த்தார்கள். கண் மருத்துவர்கள் 1990-களிலிருந்து ரசாயனம் பட்டு வெந்த கண்ணுக்கு இதையே வைக்கிறார்கள். வீட்டில் தயங்குபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: குழந்தை பிறந்தபின் எப்படியும் அப்புறப்படுத்தப்படும் உறையை, தாய் முன்கூட்டியே கையெழுத்திட்டுச் சம்மதித்த பிறகே எடுக்கிறார்கள். தாய்க்கோ குழந்தைக்கோ துளி பாதிப்பு இல்லை. இதில் அருவருக்க ஏதுமில்லை, அது ஒரு கொடை.

ஒரு காலத்தில் பிரசவ அறையிலிருந்து நேராகத் தீக்காய வார்டுக்குக் கொண்டுபோய்ப் போர்த்தியதும் உண்டு. எச்ஐவி வந்தபின் அது ஏற்கத்தக்கதில்லை. இன்று வங்கி வழியாக வர வேண்டும். இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988-இல், பன்னாட்டு அணுசக்தி முகமையின் துணையோடு தொடங்கி, சவ்வையும் எலும்பையும் கதிர்வீச்சால் கிருமி நீக்கித் தருகிறது. அத்தகைய வங்கியில் நடப்பது இது. தாயின் மருத்துவ வரலாற்றைக் கேட்கிறார்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, மேகநோய் நான்குக்கும் ரத்தம் சோதிக்கிறார்கள். நஞ்சுக்கொடியை உப்புக் கரைசலில் ரத்தம் போகும்வரை அலசி, உள்ளுறையை வெளியுறையிலிருந்து விரலால் மெல்ல உரித்துப் பிரிக்கிறார்கள். மறுபடி அலசி, உறைநிலையில் வெற்றிடத்தில் ஈரத்தை உறிஞ்சி எடுத்து, அளவு பார்த்து வெட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட உறையில் அடைக்கிறார்கள். கடைசியில் கோபால்ட்-60 காமா கதிர், பொதுவாக 25 கிலோகிரே (கிரே என்பது கதிர்வீச்சு அளவின் அலகு). இந்த அளவு வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது: கதிருக்கு அனுப்பும்முன் ஒரு பொட்டலத்தில் சராசரியாக 1000-க்கு மேல் கிருமிகள் இருக்கக் கூடாது. அந்த நிலையில் 10 லட்சம் பொட்டலங்களில் ஒன்றுக்கு மேல் உயிருள்ள கிருமி எஞ்சாது என்பது கணக்கு. அலசுவதில் அசட்டையாக இருந்துவிட்டுக் கதிரை நம்பினால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். கதிரைக் கூட்டவும் முடியாது, கூட்டினால் கொலாஜன் நார்கள் அறுபட்டுச் சவ்வு நொறுங்கும்.

உங்கள் பயத்துக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது. 25 கிலோகிரே பாக்டீரியாவுக்குப் போதும். வைரஸ்கள் சில அதைவிடத் தாங்கும், எச்ஐவியும் அப்படித்தான். ஆகவே வைரஸிலிருந்து காப்பது முதன்மையாகக் கொடையாளர் சோதனை. தொற்று உடலில் புகுந்து சோதனையில் தெரியாமல் இருக்கும் சில வாரங்கள் உண்டல்லவா? அதற்காகத் தாயை ஆறு மாதம் கழித்து மறுபடி சோதித்து, அதுவரை சவ்வை வெளியே விடாமல் பூட்டி வைக்கும் முறை இருக்கிறது. அல்லது வைரஸின் மரபணுவையே நேரடியாகத் தேடும் சோதனையைச் செய்கிறார்கள். கொடையாளர் உயிரோடு இருப்பதால் மறுபடி சோதிக்க முடிகிறது. இறந்தவர் தோலுக்கு இந்த வசதி கிடையாது. உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 'இந்த வங்கி மறுசோதனை செய்கிறதா, மரபணுச் சோதனை செய்கிறதா?' 2011-இல் திருத்தப்பட்ட உறுப்பு, திசு மாற்றுச் சட்டப்படி திசு வங்கிகளுக்குப் பதிவு கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. உடல் ஏற்காமல் தள்ளிவிடுமோ என்ற பயம் வேண்டாம். பதப்படுத்தலில் செல்கள் இறந்துவிடுகின்றன, எதிர்ப்பை அடக்கும் மாத்திரை எதுவும் தேவையில்லை.

பலன் எவ்வளவு? இங்கே உறுதியையும் ஐயத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 2013-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், உலர்த்திய சவ்வு வைத்தவர்களில் ஆறு வாரத்தில் 92 விழுக்காட்டினருக்குப் புண் ஆறியது, வழக்கமான சிகிச்சையில் 8 விழுக்காட்டினருக்கு. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் மொத்தம் 25 பேர்தான், பணம் தந்தது தயாரிப்பாளர். 2014-இல் 97 பேரிடம், உறைய வைத்துச் செல்கள் உயிரோடு காக்கப்பட்ட சவ்வை வைத்துச் செய்த சோதனையில் 12 வாரத்தில் ஆறியது சவ்வு வைத்தவர்களில் 62 விழுக்காடு, வழக்கமான சிகிச்சையில் 21 விழுக்காடு. இரண்டாவது எண்ணே நான் நம்பத் தயாராக இருக்கும் எண்ணுக்கு அருகில் இருக்கிறது. தோல் ஒட்டு முறை, தோல் மாற்றுப் பொருட்கள் பற்றிய 17 சோதனைகளை, 1655 பேரை, 2016-இல் சேர்த்து ஆராய்ந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவும் ஆறும் வாய்ப்பு கூடுகிறது என்றே சொன்னது. நீண்டகாலப் பலனுக்கும் செலவுக்கும் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. சர்க்கரை நோய்ப் பாதத்துக்கான பன்னாட்டுப் பணிக்குழு, வழக்கமான சிகிச்சை தோற்ற பிறகு கூடுதலாகப் பரிசீலிக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. இந்தச் சோதனைகளில் ரத்த ஓட்டம் மோசமானவர்களையும் சீழ் உள்ளவர்களையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. சோதிக்கப்பட்ட பொருட்களும், நம்மூர் வங்கியில் உலர்த்திக் கதிர்வீசித் தரும் சவ்வும் ஒன்றில்லை. பதப்படுத்தும் முறை மாறினால் எஞ்சும் புரதங்களின் அளவும் மாறும். அந்த விழுக்காடுகளை அப்படியே உங்கள் அப்பாவுக்குப் பொருத்த முடியாது.

வைக்கும் முறையில் கெடுவதும் நிறைய. செத்த சதையையும் காய்ப்பையும் எடுத்து, அடி சிவந்து லேசாக ரத்தம் கசியும்வரை சுத்தம் செய்து, ரத்தத்தை அழுத்தி நிறுத்திய பிறகே சவ்வை வைக்க வேண்டும். இணைப்புத் திசு உள்ள பக்கம் புண்ணைப் பார்த்து இருக்க வேண்டும். ஈரச் சவ்வென்றால் ஈரமான பஞ்சு முனையால் தொட்டுப் பாருங்கள்: கோழைபோல நூல் இழுக்கும் பக்கம் அதுதான். உலர் சவ்வில் வங்கி அடையாளம் இட்டிருந்தால் அதைப் பின்பற்ற வேண்டும். விளிம்பைக் கொஞ்சம் தாண்டும்படி வைத்து, உப்புக் கரைசல் சில சொட்டு விட்டு நனைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் தடவிவிட்டு, நீர் தேங்காதிருக்கச் சிறு கீறல்கள் போடலாம். அதன்மேல் ஒட்டாத வலைத்துணி, அதற்கும் மேல் உறிஞ்சும் கட்டு. ஐந்து முதல் ஏழு நாள் வரை சவ்வைத் தொடக் கூடாது. கசிந்தால் மேல்கட்டை மட்டும் மாற்றலாம்.

அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று உண்டு. சவ்வு கரையும்போது மஞ்சளாக, கொழகொழவென்று ஒரு படலமாகும். அதைச் சீழ் என்று நினைத்து, கட்டு மாற்றுபவர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றித் துடைத்து எடுத்துவிடுகிறார். வைத்த சவ்வும் போயிற்று, புதிதாக வளர்ந்த செல்களும் போயிற்று. வீட்டருகே கட்டு மாற்றுகிறீர்கள் என்றால் 'உள்ளே சவ்வு இருக்கிறது, இன்ன தேதிவரை தொடக் கூடாது' என்று கட்டின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். பெராக்சைடு, டெட்டால், சாவ்லான், மஞ்சள் தூள் எதுவும் அந்தப் புண்ணில் வேண்டாம்.

தோல் வங்கித் தோலின் இடம் வேறு. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடை, கால், முதுகுப் பகுதியிலிருந்து மேல்தோலை மெல்லிய படலமாகச் சீவி எடுக்கிறார்கள். ரத்தம் கொட்டுவதோ உருவம் கெடுவதோ இல்லை. 85 விழுக்காடு கிளிசராலில், 4 டிகிரி குளிரில் ஐந்து ஆண்டுவரை வைக்கலாம். பெருந்தீக்காயத்தில் சொந்தத் தோல் எடுக்க இடமே இல்லாதபோது, அது இரண்டு மூன்று வாரம் உடலை மூடி உயிர் காக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையில் இப்படி ஒரு வங்கி இருக்கிறது. அந்தத் தோல் நிரந்தரமாக ஒட்டாது, கடைசியில் சொந்தத் தோல்தான் வர வேண்டும். உள்ளங்காலில் உள்ள ஒரு சிறு புண்ணுக்கு அதைக் கேட்பது பொருத்தமும் இல்லை, தீக்காயப்பட்டவருக்கு நியாயமும் இல்லை.

செலவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டில் இத்தகைய தோல் மாற்றுப் பொருட்களுக்கான செலவு 2019-இல் சுமார் 25 கோடி டாலர். 2024-இல் 1000 கோடி டாலரைத் தாண்டியது. புண்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை, விலையும் பயன்பாடும் பெருகின. விலை உயர்ந்தது சிறந்தது என்று எண்ண வேண்டாம். பொது நிறுவன வங்கியின் சாதாரண உலர் சவ்வை முதலில் விசாரியுங்கள். அதே பணத்தில் நல்ல மாவுக்கட்டு பல வாரம் போடலாம் என்றால் நான் மாவுக்கட்டையே முதலில் சொல்வேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை, ரத்தசோகை, சிறுநீரகம், புரதச் சத்து, புகைப் பழக்கம் இவையும் கணக்கில் உண்டு. அவற்றை உங்கள் மருத்துவர் ஏற்கெனவே பார்த்திருப்பார்.

சவ்வு வைக்க முடிவானால் எத்தனை முறை என்பதை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். வாரம் ஒன்றாக நான்கு முறை வைத்தும் நீளம்–அகலக் கணக்கு அசையவில்லை என்றால் ஐந்தாவதை வாங்காமல், ரத்த ஓட்டத்தையும் எலும்பையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பு தடித்து வெளிப்புறம் மடிந்திருந்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்த ஒரு சதைத் துணுக்கும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் கொடையாளர் குறியீட்டு எண், காலாவதி நாள், கதிர் பட்டதும் நிறம் மாறும் அடையாளப் புள்ளி இருக்கும். அந்த ஸ்டிக்கரை அப்பாவின் கோப்பில் ஒட்டி வையுங்கள், பின்னால் ஏதாவது என்றால் வங்கி அதைக்கொண்டுதான் கொடையாளர்வரை தடம் பார்க்கும். இடையில் காய்ச்சல், குளிர் நடுக்கம், பாதத்தில் பரவும் சிவப்பு, கறுத்த விரல், காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை இவற்றில் எது வந்தாலும் ஏழாம் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புண்ணை நேரில் பார்க்காமல் நான் இதற்கு மேல் சொல்வது சரியாக இராது. பெருவிரல் அழுத்த எண்ணும் நான்கு வார அளவுகளும் கையில் வந்ததும் இங்கே எழுதுங்கள்.